பழைய பின்விளக்கு வாங்கும்போது பொருத்தம் பார்ப்பது எப்படி? (மைவி 2007, இடப்பக்கம்)

சிப்புட் டீச்சர்:
அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவின் 2007-ஆம் ஆண்டு பெரொடுவா மைவியை நான்தான் ஓட்டி வருகிறேன். செம்பனைக் குலை ஏற்றிச் சென்ற டிராக்டரின் பின்பெட்டி உரசியதில் இடப்பக்கப் பின்விளக்கு உடைந்துவிட்டது. தகட்டில் சிறு கீறலைத் தவிர வேறு சேதம் இல்லை. இப்போதைக்குச் சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறோம். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. ஹாஃப்கட் கடையில் (வெட்டிப் பிரித்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) பழைய விளக்கு கிடைக்கும் என்றார்கள். தொலைபேசியில் கேட்டால், "மைவி என்றால் எல்லாம் ஒன்றுதான், வைத்தால் உட்கார்ந்துவிடும்" என்கிறார் கடைக்காரர். இணையத்திலோ மைவி என்ற ஒரே பெயரின் கீழ் பல வடிவங்களில் விளக்குகள் விற்பனைக்கு இருக்கின்றன. எதை வைத்துப் பொருத்தம் பார்ப்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

லோரிக்காரன்:
டீச்சர், முதலில் தலைமுறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். 2005-இல் வந்த முதல் மைவியைக் கடைக்காரர்கள் எம்300 என்பார்கள். 2011-இல் வந்தது எம்600. 2017 கடைசியில் வந்தது எம்800. இந்த மூன்றுக்கும் பின்புற உடலே வேறு என்பதால் ஒன்றின் விளக்கு மற்றொன்றில் உட்காராது. உங்களுடையது எம்300. அதிலும் 2008-இல் ஒரு முகமாற்றம் (அதே தலைமுறையில் வெளித்தோற்றத்தை மட்டும் சற்று மாற்றுவது) நடந்தது என்பதால், 2008-க்கு முந்தைய வண்டி என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். வெறும் "மைவி" என்று கேட்டால், கடையில் எது இருக்கிறதோ அதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

ஈப்போ பட்டறை:
லோரிக்காரர் சொன்னது சரியான தொடக்கம்தான். ஆனால் ஆண்டை மட்டும் நம்பி விளக்கு வாங்கக் கூடாது என்பது என் கருத்து. வண்டியின் பதிவு அட்டையில் உள்ள ஆண்டு, பதிவு செய்யப்பட்ட ஆண்டு. வண்டி தயாரான காலம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். முகமாற்றம் நடந்த சமயத்தில் பழைய கையிருப்பும் புதியதும் ஒரே ஆண்டில் பதிவாவது வழக்கம். அது போகட்டும், உங்கள் அப்பா இந்த வண்டியைப் புதிதாக வாங்கினாரா, கைமாறி வந்ததா என்பதும் தெரிய வேண்டும். முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே விளக்கை மாற்றியிருந்தால், இப்போது வண்டியில் இருப்பதே வேறு தயாரிப்பாக இருக்கும்.

எனவே உடைந்த விளக்கைத் தூக்கி எறியாதீர்கள். பொருத்தத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், கண்ணாடியின் ஓரத்திலோ பின்பக்க உடலிலோ அச்சோடு வார்க்கப்பட்ட எழுத்துகள் தெரியும். கோயிட்டோ, ஸ்டான்லி, இச்சிக்கோ என்று தயாரித்தவர் பெயர் ஒன்றும், அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும், இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைக் காட்டும் எல் அல்லது ஆர் எழுத்தும் பெரும்பாலான ஜப்பானிய வடிவ விளக்குகளில் இருக்கும். ஹாஃப்கட் கடையில் நாங்கள் முதலில் ஒத்துப் பார்ப்பது அந்த எண்ணைத்தான். எண் ஒன்றாக இருந்தால் கண்ணாடியின் வடிவம், உள்ளறைகள், பிடிமானம் எல்லாம் ஒன்றாக இருக்கும் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். எண் மாறினால் வெளித்தோற்றம் எவ்வளவு ஒத்திருந்தாலும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

இடம், வலம் என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்நோக்கி உட்கார்ந்த நிலையில் சொல்வது. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தாலும் அதே பக்கம்தான் வரும். ஆனால் கழற்றிய விளக்கை மேசையில் வைத்து அதன் முதுகைப் பார்த்துப் பேசும்போது பலருக்குக் குழப்பம் வந்துவிடுகிறது.

சிப்புட் டீச்சர்:
மிக்க நன்றி ஐயா. வண்டி அப்பா புதிதாக வாங்கியதுதான். விளக்கை நானே கழற்ற முடியுமா? பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே எண்ணைப் பார்த்துவிட்டால் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஈப்போ பட்டறை:
தாராளமாக முடியும். இதுபோன்ற சிறிய ஹேட்ச்பேக் வண்டிகளில் பின்கதவைத் திறந்தால், விளக்கின் உட்பக்க ஓரத்தில் ஸ்குரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றிய பிறகு விளக்கைப் பக்கவாட்டில் நெம்பாமல் நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் கவ்விகள் பிடித்திருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் முதலில் சாயம் போகும், பிறகு கவ்வியின் காது உடையும். செடான் வண்டியாக இருந்தால் பின்பெட்டியின் உள்விரிப்பை விலக்கி, உள்ளிருந்து நட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றியவுடன் பல்பு ஹோல்டர்களைத் திருகி எடுத்து, எந்த ஓட்டையில் எது இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வயர்மேன்:
தொலைபேசியில் எண்ணைக் கேட்டு உறுதி செய்வதோடு நின்றுவிடக் கூடாது, டீச்சர். முன்பக்கம் ஒத்துப்போய், பின்பக்கம் ஒத்துப்போகாத விளக்குகளைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்கிறார்கள்; வண்டியோ பின்பக்கத்தைத்தான் பார்க்கிறது.

முதலில் பல்பின் அடிப்பகுதியைப் பாருங்கள். பிரேக் விளக்குக்கும் இரவு விளக்குக்கும் சேர்த்து ஒரே பல்பு இருந்தால், அதற்குள் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழைகள் இருக்கும். உலோக அடியுள்ள பல்பாக இருந்தால் அதன் பக்கவாட்டு முளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பல ஜப்பானிய வண்டிகளில் உலோக அடிக்குப் பதிலாகச் செருகும் வகைக் கண்ணாடி அடி பல்பு வரும். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் ஹோல்டர் வேறு, விளக்கின் பின் உள்ள ஓட்டையின் அளவும் வேறாக இருக்கலாம். எனவே உங்கள் பழைய ஹோல்டரைக் கையோடு கொண்டுபோய், வாங்கப்போகும் விளக்கில் வைத்துத் திருகிப் பாருங்கள். அது இழுபறியில்லாமல் உட்கார்ந்து பூட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து சிக்னல். சிக்னல் அறையின் கண்ணாடியே ஆரஞ்சு நிறமாக இருந்தால் உள்ளே வெள்ளை பல்பு இருக்கும். கண்ணாடி நிறமற்றதாக இருந்தால் பல்புதான் ஆரஞ்சாக இருக்க வேண்டும். உலோக அடியுள்ள ஆரஞ்சு பல்பின் முளைகள் நேரெதிராக இல்லாமல் 150 பாகைக் கோணத்தில் இருக்கும், வெள்ளை பல்பில் 180 பாகை. ஆரஞ்சு பல்புக்கான ஹோல்டரில் வெள்ளை பல்பை யாரும் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். முகமாற்றத்துக்கு முன் ஆரஞ்சுக் கண்ணாடி, பின் வெள்ளைக் கண்ணாடி என்று மாற்றுவது கார் நிறுவனங்களின் வழக்கம் என்பதால், இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கினால் வலப்பக்கம் ஒரு விதமாகவும் இடப்பக்கம் ஒரு விதமாகவும் மின்னும்.

சாக்கெட்டைப் பற்றி ஒன்று. சில விளக்குகளில் எல்லா ஹோல்டர்களும் ஒரே வயர்த் தொகுப்பாக வந்து ஒரே சாக்கெட்டில் முடியும். முளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதாலேயே இணைப்பும் ஒன்று என்று முடிவு செய்யாதீர்கள். முளைகள் ஒன்றாக இருந்து வயரின் வரிசை மாறினால், பிரேக் மிதிக்கும்போது எரிய வேண்டிய 21 வாட் இழை இரவு முழுவதும் எரியும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் பிடித்ததே தெரியாது, அந்தச் சூட்டில் விளக்கின் பிளாஸ்டிக்கும் நாளடைவில் உருகும். வயரின் நிறத்தை வைத்து எர்த்தை (மைனஸ் இணைப்பை) கண்டுபிடிக்கலாம்: டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு, வேறு பல வண்டிகளில் முழுக் கறுப்பு. ஆனாலும் நிறம் ஒரு குறிப்புதான். 12 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பார்ப்பதுதான் முடிவு. எர்த்தில் மைனஸை வைத்து, மற்ற முளைகளில் பிளஸை ஒவ்வொன்றாகத் தொட்டால் எது எங்கே எரிகிறது என்று கடையிலேயே தெரிந்துவிடும். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

உங்கள் வண்டிக்கு இன்னும் எளிய வழி, பழைய ஹோல்டர்களையும் வயரையும் அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கின் உடலை மட்டும் மாற்றுவது. அப்போது வயரிங் பிரச்சினையே எழாது.

கிள்ளான் தம்பி:
அண்ணன்மார்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இவ்வளவு சிரமம் எதற்கு? டெப்போ, டி.ஒய்.சி. என்று தைவானில் செய்யப்பட்ட புதிய விளக்குகள் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியிலேயே எந்த வண்டிக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று அச்சிட்டிருக்கும். யாரோ ஒருவருடைய விபத்து வண்டியிலிருந்து கழற்றியதைத் தேடி அலைவதைவிட அது மேல் அல்லவா?

ஈப்போ பட்டறை:
அது நியாயமான கேள்விதான் தம்பி. தைவான் விளக்குகளை நானும் பொருத்துகிறேன், குறை சொல்லவில்லை. வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் உள்ள அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். அந்த எண் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 4 என்றால் நெதர்லாந்து, 43 என்றால் ஜப்பான், 52 என்றால் மலேசியா. எந்த முத்திரையும் இல்லாத மலிவு விளக்குகள்தான் தலைவலி. அவற்றின் விளிம்பு தகட்டோடு சேராமல் ஒரு நூல் இடைவெளி விடும், அல்லது சிவப்பு நிறம் வெளிறியிருக்கும்.

பழையதில் உள்ள நன்மை, அது தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த அச்சு என்பதால் தகட்டின் வளைவோடு அப்படியே சேரும். அதோடு, டீச்சரின் வலப்பக்க விளக்கும் பழையது. ஒரு பக்கம் புத்தம் புதியதாகவும் மறுபக்கம் வெயிலில் வெளுத்ததாகவும் இருந்தால் பார்வைக்கு நன்றாக இராது. அதே அளவு வெயில் பட்ட பழையது கிடைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். ஜோடியாகவே எடுத்துவிடுவதும் ஒரு வழி. கடைக்காரர்களும் ஜோடியாக விற்பதைத்தான் விரும்புகிறார்கள்.

கூலிம் கணக்கர்:
இணையத்தில் வாங்க நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். விற்பவர் போடுவது எப்போதும் முன்பக்கப் படம்தான். பணம் அனுப்புவதற்கு முன் பின்பக்கப் படம், வார்க்கப்பட்ட எண்ணின் படம், சாக்கெட்டை நேராகப் பார்க்கும் படம், பிடிமான போல்ட்டுகளின் நெருக்கப் படம் ஆகியவற்றைக் கேளுங்கள். கழற்றும்போது முதலில் உடைவது போல்ட்டின் அடியில் உள்ள பிளாஸ்டிக்தான். அதைப் பசை போட்டு ஒட்டி விற்பதும் உண்டு, முன்பக்கப் படத்தில் அது தெரியவே தெரியாது.

பாக எண் கொடுக்கும் விற்பனையாளராக இருந்தால் பக்கத்தை அந்த எண்ணிலேயே சரிபார்க்கலாம். டொயோட்டாவில் 81550 என்று தொடங்குவது வலப்பக்கம், 81560 இடப்பக்கம். ஹோண்டாவில் 33500 வலம், 33550 இடம். நிசானில் 26550 வலம், 26555 இடம். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளும் எண்களும்தான் எந்த மாடல், எந்த மாற்றம் என்பதைச் சொல்லும். முதல் ஐந்து இலக்கங்கள் ஒன்றாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பின்பக்க சிக்னல் சிவப்பாக இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நம் நாட்டில் அது ஆரஞ்சாக இருக்க வேண்டும். ஐரோப்பிய வண்டிகளில் பனிமூட்டத்துக்கான பின்விளக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது வழக்கம். இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளில் அது இடப்புறம் வரும், ரிவர்ஸ் விளக்கு மறுபுறம் போய்விடும். படத்தில் ஒரே மாதிரி தெரியும் விளக்கில் உங்கள் வயருக்கு ஏற்ற அறையே இல்லாமல் போகலாம்.

லோரிக்காரன்:
கணக்கர் சொன்னதோடு உள்ளூர் வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் புரோட்டோன் வீராவுக்குத் தேடியபோது, செடான் விளக்கையும் ஏரோபேக் (ஹேட்ச்பேக்) விளக்கையும் ஒரே குவியலில் போட்டு வைத்திருந்தார் கடை முதலாளி. 1993-இல் வந்த வண்டி, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது என்பதால் லான்சர் விளக்கும் சேரும் என்று அவர் தைரியமாகச் சொன்னார். தகட்டின் வெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பேசுவோம் என்று சொல்லிவிட்டேன். ஹோண்டா சிவிக் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. 2006-இல் வந்த, எஃப்.டி. என்று அழைக்கப்படும் தலைமுறையின் பின்விளக்கு 2009 முகமாற்றத்தில் மாறிவிட்டது.

கறுப்புச் சாயம் பூசிய விளக்குகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கலாம். தோட்டத்துச் சாலையில் இரவில் பின்னால் வருகிறவர் பாவம். பரிசோதனையில் அது தேறாது, சாலைத் தடுப்பில் சம்மன்தான் கிடைக்கும்.

கிள்ளான் தம்பி:
எல்.இ.டி. விளக்குக்கு மாறினால் என்ன? சாக்கெட் ஒன்றுதான் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார்.

பழைய வயர்மேன்:
சாக்கெட் சேரலாம் தம்பி, மின்சாரக் கணக்கு சேராது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். சிக்னல் ரிலே அந்த இழுப்பை எதிர்பார்த்தே வேலை செய்கிறது. எல்.இ.டி. மிகக் குறைவாக இழுப்பதால், பல்பு எரிந்துபோய்விட்டது என்று ரிலே கருதி சிக்னலை வேகமாக மின்ன வைக்கும். ரெசிஸ்டர் சேர்த்துச் சரிசெய்யலாம். ஆனால் அது சூடாகும் பொருள், பிளாஸ்டிக்கின் மேலோ விரிப்பின் மேலோ வைக்கக் கூடாது. பல்பு கருகினால் அதை மட்டும் மாற்றலாம் என்ற வசதி எல்.இ.டி. தொகுப்பில் இல்லை என்பதையும் யோசியுங்கள். பழைய எல்.இ.டி. விளக்கின் உள்ளே ஒருமுறை தண்ணீர் போயிருந்தால் மின்சுற்றுப் பலகை பச்சை பூத்துவிடும், அதை விற்பவரும் சொல்ல மாட்டார். டீச்சருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சிப்புட் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனோம். பழைய விளக்கையும் ஹோல்டர்களையும் ஒரு பையில் எடுத்துச் சென்றோம். கடைக்காரர் முதலில் நீட்டிய விளக்கு வெளித்தோற்றத்தில் எங்களுடையதைப் போலவே இருந்தது, ஆனால் வார்க்கப்பட்ட எண் வேறு. சிக்னல் ஹோல்டர் அதில் பாதி வரை நுழைந்து நின்றுவிட்டது. எண்ணைக் காட்டியதும் அவர் மறுபேச்சு பேசாமல் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். இரண்டாவது விளக்கில் எண்ணும் எல் எழுத்தும் ஒத்திருந்தன, ஹோல்டர்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன, ஸ்குரூ பிடிக்கும் இடத்தில் விரிசல் இல்லை. அதை வாங்கி வந்துவிட்டோம்.

இப்போது இரண்டு கேள்விகள். விளக்கின் உள்பக்கம் லேசாக அழுக்கு இருக்கிறது. கண்ணாடியின் மேல் பழைய ஸ்டிக்கர் பசையும் உண்டு. பெட்ரோலால் துடைக்கலாமா? தண்ணீர் புகாமல் தடுக்கும் பின்பக்க ஸ்பாஞ்சு நைந்திருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

ஈப்போ பட்டறை:
பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். முன்விளக்கின் கண்ணாடி பாலிகார்பனேட். பின்விளக்கு பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக்கில் தின்னர் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, பிறகு தலைமுடி போன்ற மெல்லிய விரிசல்கள் பரவும். சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரை உள்ளே ஊற்றிக் குலுக்கிக் கழுவி, ஹோல்டர் ஓட்டைகள் கீழே பார்க்கும்படி நிழலில் காய வையுங்கள். பசையைச் சமையல் எண்ணெய் தடவி ஊறவைத்து விரலால் உருட்டி எடுக்கலாம்.

ஸ்பாஞ்சைப் பழைய விளக்கிலிருந்து எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழும்பாது. உதிரிபாகக் கடையில் தண்ணீரை உறிஞ்சாத மூடிய துளை ஸ்பாஞ்சு நாடா கேளுங்கள். சிலிக்கோன் போடுகிறவர்கள் புளித்த காடி வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். அது தகட்டையும் செம்பு இணைப்புகளையும் அரித்துவிடும். விளக்கின் கீழ்ப்பக்கம் காற்றுப் போக்குக்காகச் சிறு துளை இருந்தால் அதை மூடாதீர்கள். காலையில் உள்ளே லேசாகப் பனி படர்ந்து, வெயில் ஏறியதும் மறைந்தால் அது இயல்பு. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் கசிவு.

ஸ்குரூக்களை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் ஸ்குரூ பிடிக்கும் பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

பழைய வயர்மேன்:
பொருத்தியதும் தம்பியைப் பின்னால் நிறுத்தி, இரவு விளக்கை எரியவிட்டுப் பிரேக்கை மிதியுங்கள். வெளிச்சம் தெளிவாகக் கூட வேண்டும். பிறகு பிரேக்கை விடாமல் சிக்னலையும் போடுங்கள். சிக்னலோடு சேர்ந்து மற்ற விளக்குகளும் மங்கி மங்கி எரிந்தால் எர்த் சரியில்லை என்று பொருள். ஹோல்டரின் எர்த் முளையை மணல்தாளால் தேய்த்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். பின்னாளில் வண்டியைப் பெயர் மாற்ற நினைத்தால் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையங்களிலும் இந்த விளக்குகளைப் பார்ப்பார்கள்.

சிப்புட் டீச்சர்:
பொருத்திவிட்டோம் ஐயா. நீங்கள் சொன்னதுபோலவே மிதித்துப் பார்த்தோம். பிரேக் தெளிவாக எரிகிறது, சிக்னல் இரு பக்கமும் ஒரே வேகத்தில் மின்னுகிறது. கீழ் ஓரத்தில் மட்டும் தகட்டுக்கும் விளக்குக்கும் இடையே சிறிது இடைவெளி தெரிகிறது, வலப்பக்கத்தில் அப்படி இல்லை.

ஈப்போ பட்டறை:
எண் ஒத்த விளக்கு என்பதால் குறை விளக்கில் இருக்க வாய்ப்பு குறைவு. டிராக்டர் உரசியபோது தகட்டின் மூலை சற்று உள்ளே போயிருக்கும். விளக்கைக் கழற்றி, உள்ளிருந்து மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் சரியாகிவிடும். நீங்களே செய்ய வேண்டாம். எந்தத் தகட்டுப் பட்டறையிலும் காத்திருந்து சரிசெய்துகொண்டு வந்துவிடலாம். அதுவரை அந்த இடைவெளியில் ஸ்பாஞ்சு நாடாவை இரண்டு மடிப்பாக வைத்துவிடுங்கள்.